மைக்ரோவேவ் பழுதாகிவிட்டது: சரிசெய்வதா, புதிது வாங்குவதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் வீட்டுச் சாதனங்கள் பழுதுபார்க்கும் சிறிய கடை வைத்திருக்கிறேன். மிக்ஸியோ கிரைண்டரோ கொண்டுவருகிறவர்கள் எதையும் யோசிப்பதில்லை. “பார்த்து வையுங்கள்” என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். மைக்ரோவேவைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் மட்டும் அதை மேசைமேல் இறக்குவதற்கு முன்பே கேட்டுவிடுவார்கள்: “இதற்குச் செலவழிக்கலாமா, புதிதாகவே வாங்கிவிடலாமா?” அந்தக் கேள்வியும் அதன் கூடவே வரும் கேள்விகளும்தான் கீழே இருக்கின்றன. விலைகள் எல்லாம் நான் வாங்கி விற்கும் அளவில் தோராயமானவை. ஊருக்கு ஊர் நூறு இருநூறு கூடும், குறையும்.

சுவிட்சைப் போட்டால் விளக்குகூட எரியவில்லை. பெட்டி மொத்தமாகப் போய்விட்டதா?

பெரும்பாலும் இல்லை. கடைக்குத் தூக்கி வருவதற்கு முன் அதே பிளக் பாயின்டில் இஸ்திரிப் பெட்டியைச் செருகிப் பாருங்கள். மைக்ரோவேவ் 1,200 வாட்டுக்கு மேல் இழுக்கும் சாதனம். பிடி தளர்ந்த சாக்கெட்டில் வருடக்கணக்காகச் சூடேறினால் உள்ளே பித்தளை கருகிவிடும். பெட்டியைத் தூக்கி வந்து, இங்கே செருகியதும் ‘பீப்’ என்று உயிர்பெற, அசடு வழியத் திரும்பத் தூக்கிப்போனவர்கள் உண்டு. வந்த ஆட்டோவுக்கும் போன ஆட்டோவுக்கும்தான் செலவு.

சாக்கெட் நன்றாக இருந்தால் அடுத்து ஃபியூஸ். அதன் விலை முப்பது ரூபாய்தான். ஆனால் ஃபியூஸ் சும்மா போகாது. ஏன் போனது என்று பார்க்காமல் புதியதைப் போட்டால் அதுவும் போகும். கதவைத் திறக்கும் நொடியிலேயே ஃபியூஸ் போகிறதென்றால் கதவு சுவிட்சுகள் தேய்ந்திருக்கின்றன என்று பொருள். சுவிட்ச் ஒன்று ஐம்பது ரூபாய்க்குக் கிடைக்கும். ஃபியூஸ் இருந்த இடத்தில் செம்புக் கம்பியை முறுக்கிவிட்டுப் போகும் ஆளை மட்டும் மறுபடி வீட்டுக்குள் விடாதீர்கள்.

விளக்கு எரிகிறது, பட்டனை அழுத்தினால் எதுவும் நடக்கவில்லை என்றால், குழந்தைப் பூட்டு விழுந்திருக்கிறதா பாருங்கள். திரையில் சாவிப் படம் தெரியும், அல்லது ‘எல்’ என்ற ஆங்கில எழுத்து. குறிப்பிட்ட பட்டனைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால் விலகிவிடும்.

விளக்கு எரிகிறது, தட்டு சுற்றுகிறது, ஆனால் உணவு சூடாகவில்லை. “மேக்னட்ரான் போய்விட்டது, 4,000 ரூபாய் ஆகும்” என்கிறார் மெக்கானிக். நம்பலாமா?

சோதித்துப் பார்த்துச் சொன்னாரா, வாசலில் நின்றபடியே சொன்னாரா என்று கேளுங்கள்.

மேக்னட்ரான்தான் நுண்ணலையை உண்டாக்கும் குழல். இரண்டாம் உலகப் போரில் ராடாருக்காக வளர்த்தெடுத்த கருவி அது. 1945இல் அமெரிக்காவின் ரேதியான் நிறுவனத்தில் பெர்சி ஸ்பென்சர் என்ற பொறியாளர் அதன் அருகில் வேலை பார்த்தபோது சட்டைப்பையில் இருந்த இனிப்பு உருகியதில்தான் இந்த அடுப்பின் கதை தொடங்கியது. பெயர் பெரிய பெயராக இருப்பதால், சூடு வராத எந்தப் பெட்டிக்கும் அதன்மேல் பழியைப் போடுவது எளிது.

அந்தக் குழலுக்குச் சுமார் 4,000 வோல்ட் வேண்டும். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட்டை ட்ரான்ஸ்ஃபார்மர் 2,000 வோல்ட்டுக்கு ஏற்றும். கெப்பாசிட்டரும் டையோடும் சேர்ந்து அதை இரட்டிப்பாக்கும். இந்த வரிசையில் எது அறுந்தாலும் வெளியே தெரியும் அடையாளம் ஒன்றுதான்: தட்டு சுற்றும், சாம்பார் பச்சைத்தண்ணீராகவே இருக்கும். டையோடு நூறு, நூற்றைம்பது ரூபாய். கெப்பாசிட்டர் முந்நூறிலிருந்து நானூறு. மேக்னட்ரான் மட்டும் 1,200இலிருந்து 2,500 வரை போகும்.

காதைக் கொடுத்துக் கேட்டால் ஓரளவு ஊகிக்கலாம். வழக்கத்தைவிடக் கனமாக, வண்டு குடைவதுபோல் பெட்டி உறுமினால் டையோடோ கெப்பாசிட்டரோ ஷார்ட் ஆகியிருக்கக்கூடும். உறுமலே இல்லாமல் விசிறிச் சத்தம் மட்டும் வந்தால் மின்சாரம் ட்ரான்ஸ்ஃபார்மருக்கே போகவில்லை. கதவு சுவிட்ச், ரிலே (போர்டில் இருக்கும் தானியங்கிச் சுவிட்ச்) என்று தேட வேண்டும்.

போன ஆண்டு ஓர் ஆசிரியை தம் பெட்டியைக் கொண்டுவந்தார். வேறு இடத்தில் மேக்னட்ரானுக்கு 3,800 சொல்லியிருந்தார்கள். திறந்து பார்த்தேன். மேக்னட்ரானுக்குப் போகும் இரண்டு தடித்த வயர்களில் ஒன்றின் முனை கறுத்து, பிளாஸ்டிக் உறை பொரிந்துபோய், தொட்டால் ஆடியது. அந்த இணைப்பில் 3 வோல்ட்தான் இருக்கும், ஆனால் 10 ஆம்பியர் அளவுக்கு ஓடும். பிடி தளர்ந்தால் கருகத்தான் செய்யும். முனையை வெட்டி, புதிய கிளிப் அழுத்திப் போட்டேன். பத்து நிமிட வேலை. முந்நூறு ரூபாய் வாங்கினேன். அவர் எனக்கு நன்றி சொல்லவில்லை; அந்த இன்னோர் ஆளைத் திட்டிக்கொண்டே போனார்.

சூடாகிறது, ஆனால் முன்போல் இல்லை. இது மனப்பிரமையா, உண்மையா?

அளந்துவிடலாம். ஒரு லிட்டர் தண்ணீரை மைக்ரோவேவுக்கு ஏற்ற பாத்திரத்தில் ஊற்றி, சமையல் வெப்பமானியால் சூட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி உதவாது. 42 டிகிரியோடு அதன் கதை முடிந்துவிடும். முழு வேகத்தில் சரியாக 2 நிமிடம் ஓட்டி, தண்ணீரைக் கலக்கி மறுபடி அளவெடுங்கள். எத்தனை டிகிரி ஏறியதோ அதை 35ஆல் பெருக்கினால் உங்கள் பெட்டி உண்மையில் தரும் வாட் கிடைக்கும். 20 டிகிரி ஏறியிருந்தால் 700 வாட். 20 லிட்டர் பெட்டிக்கு அது முழுச் சக்தி. பாத்திரமும் கொஞ்சம் சூட்டைக் குடிக்கும் என்பதால் 17, 18 வந்தாலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. 10 டிகிரிகூட ஏறவில்லை என்றால் மேக்னட்ரான் சோர்ந்துவிட்டது என்று நம்பலாம்.

ஆனால் இந்தச் சோதனையைக் கோடைக்கால இரவு எட்டு மணிக்குச் செய்யாதீர்கள். தெருவே ஏசி போட்டிருக்கும் நேரத்தில் 190 வோல்ட்தான் வரும் வீடுகள் உண்டு. மின்னழுத்தம் இறங்கினால் மைக்ரோவேவின் சூடும் கூடவே இறங்கும். காலை பத்து மணிக்குச் செய்து பார்த்து, அப்போது சரியாக இருந்தால் குறை பெட்டியில் இல்லை. மின் இணைப்பில் இருக்கிறது. புதிய பெட்டி வாங்கினாலும் இரவில் அதே கதைதான்.

உள்ளே படபடவென்று தீப்பொறி பறக்கிறது. வெடித்துவிடுமா?

உடனே நிறுத்துங்கள், வெடிக்காது. முதலில், எவர்சில்வர் கரண்டியோ ஜரிகைக் கரை போட்ட பீங்கானோ உள்ளே போயிருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால், உள்சுவரின் வலப்பக்கத்தில் அட்டைபோல் ஒரு சாம்பல்நிறத் தகடு இருக்கும், அதைப் பாருங்கள். அதுதான் மைக்கா தகடு. அலைகள் உள்ளே வரும் வாசலுக்கு அது திரை. அட்டை என்று நினைத்து அதைப் பிய்த்துப் போட்டுவிட்டு வந்தவர்களும் உண்டு.

நம் வீடுகளில் இந்தத் தகடு பாவம். மைக்ரோவேவில் தாளிக்கலாம் என்று யாரோ சமையல் குறிப்பில் சொல்லிவிட, கடுகு வெடித்து எண்ணெயோடு போய் அதில்தான் ஒட்டும். சூடுபடுத்தும் ரசமும் மூடியில்லாமல் அதன்மேல்தான் தெறிக்கும். அந்த எண்ணெய்ப் பொட்டு ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கருகி, ஒருநாள் கரியாகிவிடும். கரி மின்சாரத்தைக் கடத்தும், பொறி பறக்கும், பொறி பறந்த இடம் இன்னும் கருகும். ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குக் கறுப்பு ஓட்டை விழுந்த தகடுகளைக் கழற்றி ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன், வாடிக்கையாளர்களுக்குக் காட்டுவதற்காகவே.

புதிய தகடு நூறு ரூபாய். வெட்டிப் பொருத்தப் பத்து நிமிடம். இதற்காக யாரும் பெட்டியை மாற்ற வேண்டாம். ஆனால் ஓட்டை விழுந்த தகடோடு மாதக்கணக்கில் ஓட்டியிருந்தால், அதற்குப் பின்னால் இருக்கும் மேக்னட்ரானின் மூக்கில் உள்ள உலோகத் தொப்பியும் உருகியிருக்கும். தொப்பி மட்டும் தனியாகக் கிடைக்கிறது. அதைச் சொல்லாமல் முழு மேக்னட்ரானையே மாற்றிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

உள்ளே பெயின்ட் உரிந்து, அடியில் துருப்பிடித்திருக்கிறது. நன்றாகத்தானே ஓடுகிறது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். மைக்ரோவேவில் மாற்றினால் கட்டுப்படியாகாத பொருள்கள் இரண்டு: உள்பெட்டியும் கதவும். மற்ற எல்லாமே பாகங்கள். கழற்றலாம், மாட்டலாம், ஒரு கம்பெனிப் பெட்டிக்கு இன்னொரு கம்பெனிப் பாகம்கூடப் பல நேரங்களில் பொருந்தும். மேக்னட்ரானே போயிருந்தாலும் பெட்டியும் கதவும் சுத்தமாக இருந்தால் செலவழிக்கலாம். ஐம்பது ரூபாய் சுவிட்ச்தான் போயிருக்கிறது, ஆனால் அடித்தகடு ஓட்டையாகிவிட்டது என்றால் அந்த ஐம்பதும் வீண். வருகிறவர்கள் எல்லோரும் பாகத்தின் விலையிலிருந்து கணக்கைத் தொடங்குகிறார்கள். நான் பெட்டியிலிருந்து தொடங்குவேன்.

பார்ப்பது எளிது. கண்ணாடித் தட்டையும் அதன் கீழே உருளும் சக்கர வளையத்தையும் எடுத்துவிடுங்கள். வளையம் ஓடிய தடத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். இட்லியும் புட்டும் வேகவைக்கும் வீடுகளில் நீராவி இறங்கித் தேங்கும் இடம் அது. பெயின்ட் மட்டும் உரிந்து, கீழே இரும்பு திடமாக இருந்தால், துருவைத் தேய்த்துவிட்டு மைக்ரோவேவுக்கென்றே விற்கும் பெயின்டைப் பூசலாம். ஜன்னலுக்கு அடித்த மிச்சத்தைப் பூசக் கூடாது. ஸ்க்ரூ டிரைவர் முனையால் அழுத்தும்போது தகடு பொரித்த அப்பளம்போல் நொறுங்கினால் அந்தப் பெட்டியின் ஆயுள் முடிந்துவிட்டது.

நானும் ஏமாந்திருக்கிறேன். தூத்துக்குடியிலிருந்து ஒருவர், மகள் முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்தது என்று ஒரு பெட்டியைக் கொண்டுவந்தார். கடற்காற்றில் ஓரமெல்லாம் துரு. “எவ்வளவு ஆனாலும் பரவாயில்லை, ஓட வைத்துக் கொடுங்கள் தம்பி” என்றார். முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. மேக்னட்ரான் மாற்றி, பெயின்ட் பூசிக் கொடுத்தேன். இரண்டே மாதத்தில் மூலையில் ஓட்டை விழுந்து பொறி பறந்தது. போட்ட மேக்னட்ரானைக் கழற்றிக்கொண்டு பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அதன் பிறகு துருவைப் பார்த்தால் கதையைக் கேட்பதில்லை.

கதவில் கீறல் விழுந்திருக்கிறது. கதிர் வெளியே வருமா? செல்போனை உள்ளே வைத்து அழைத்துப் பார்த்தேன், மணி அடிக்கிறது!

செல்போன் சோதனையை விட்டுவிடுங்கள். புத்தம்புதுப் பெட்டிக்குள்ளும் மணி அடிக்கும். செல்போனுக்குத் தேவையான அலை அவ்வளவு மெலிந்தது; இம்மியளவு கசிவே அதற்குப் போதும். அதேபோல் மைக்ரோவேவ் ஓடும்போது வைஃபை தடுமாறினாலும் பயப்பட வேண்டாம். இரண்டும் 2.4 கிகாஹெர்ட்ஸ் என்ற ஒரே சந்தில் நடமாடுகின்றன.

இவை மருத்துவமனை எக்ஸ்ரே போன்ற கதிர்களும் அல்ல, சூடுபடுத்தும், அவ்வளவுதான். ஆனால் அந்தச் சூடு கண்ணில் படக் கூடாது. அதனால் சர்வதேசத் தர விதி, கதவிலிருந்து 5 சென்டிமீட்டர் தொலைவில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 5 மில்லிவாட்டுக்கு மேல் கசியக் கூடாது என்கிறது. தள்ளி நிற்க நிற்க அது வேகமாகக் குறைந்துவிடும்.

அலையைத் தடுப்பது கதவின் கண்ணாடி இல்லை. கண்ணாடிக்குப் பின்னால் தெரியும் பொடித் துளையிட்ட உலோகத் தகடு. கண்ணாடியில் கீறல் என்றால் அசிங்கமே தவிர ஆபத்தில்லை. அந்தத் தகடு கிழிந்திருந்தாலோ, கதவு தொங்கி ஒரு மூலையில் இடைவெளி தெரிந்தாலோ, கீல் வளைந்திருந்தாலோ ஓட்டாதீர்கள். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அதன்மேல் கனமான குழம்புப் பாத்திரத்தை ஊன்றி எடுக்கும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. கீல் வளைவது பெரும்பாலும் அதனால்தான். முழுக் கதவு தனியாகக் கிடைத்தாலும் விலை கேட்டால் புதுப் பெட்டியின் ஞாபகம் வந்துவிடும்.

பட்டன்கள் வேலை செய்யவில்லை. சில நேரம் தானாகவே ‘பீப்’ அடிக்கிறது.

அதிலும் அடிக்கடி அழுத்தும் ‘ஸ்டார்ட்’ பட்டன் மட்டும் வேலை செய்யவில்லையா? அப்படியானால் மேலே ஒட்டியிருக்கும் பட்டன் தாள்தான் தேய்ந்திருக்கிறது. ஐந்நூறிலிருந்து ஆயிரத்துக்குள் முடியும், அந்த மாடலுக்குத் தாள் கிடைத்தால்.

தானாக அடிக்கும் ‘பீப்’ வேறு விவகாரம். சர்க்யூட் போர்டு எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். இருட்டு, வெதுவெதுப்பு, பக்கத்திலேயே சாப்பாட்டு வாசனை: கரப்பான்பூச்சிக்கு இதைவிடச் சொர்க்கம் உண்டா? நான் திறக்கும் போர்டுகளில் பாதிக்கு மேல் முட்டைக்கூடு இருக்கிறது. ஒருமுறை போர்டில் இருந்த ஒரு பாகத்தின் இரண்டு கம்பிக் கால்களுக்கு நடுவே பல்லிக்குட்டி ஒன்று கருகி ஒட்டிக்கிடந்தது. சுரண்டி எடுத்துவிட்டு ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்ததும் பெட்டி ஓடியது. போர்டு வெந்துபோயிருந்தால் 1,500இலிருந்து 3,500 வரை ஆகும். அங்கேதான் யோசிக்க வேண்டும். பழைய மாடல்களுக்குப் போர்டு கிடைப்பது குதிரைக்கொம்பு. சென்னை ரிச்சி தெருவில் தெரிந்த கடைகளுக்குப் போன் போட்டும் கிடைக்காமல் திருப்பி அனுப்பிய பெட்டிகள் பல.

தட்டு சில நாள் வலமாகவும் சில நாள் இடமாகவும் சுற்றுகிறது. பழுதா?

இல்லை. அந்த மோட்டாரின் குணமே அதுதான். கிளம்பும் நொடியில் மின்னோட்டம் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் போகும். சுற்றவே இல்லை என்றால் நடுவில் இருக்கும் பிளாஸ்டிக் பிடி உடைந்திருக்கும், அல்லது மோட்டார் போயிருக்கும். இருநூறு, முந்நூறு ரூபாய்.

எத்தனை ரூபாய் வரை சரிசெய்யலாம்? புதிய விலையில் பாதி என்கிறார்களே.

அந்தப் ‘பாதிக் கணக்கு’ எனக்குப் பிடிக்காது. புதிய 20 லிட்டர் சாதாரணப் பெட்டி 6,000, 7,000க்குக் கிடைக்கிறது. பத்து வருடப் பெட்டிக்கு 3,000 செலவழிப்பதும் மூன்று வருடப் பெட்டிக்கு அதே 3,000 செலவழிப்பதும் ஒன்றா?

என் கணக்கு இப்படி. பெட்டியும் கதவும் சரியாக இருக்கின்றனவா? இல்லையென்றால் பேச்சே இல்லை. இருக்கின்றன என்றால், ஐந்து வருடத்துக்கு உட்பட்ட பெட்டிக்கு மேக்னட்ரான் மாற்றும் செலவு வரை தாராளமாகச் செய்யலாம். ஐந்திலிருந்து எட்டு வரை ஆயிரம், ஆயிரத்தைந்நூறோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கு மேல் வயதான பெட்டிக்கு மைக்கா, சுவிட்ச், தட்டு மோட்டார் போன்ற சில்லறை வேலைகள் மட்டும். ஒரே வருடத்தில் இரண்டாவது முறையாக வேறொரு பெரிய பழுது வந்தால் விட்டுவிடுங்கள்.

ஒரு விஷயத்தைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். மேக்னட்ரான் சுமார் 2,000 மணி நேரம் உழைக்கும் என்பார்கள். நாளுக்குக் கால் மணி நேரம் ஓட்டினால் வருடத்துக்குத் தொண்ணூறு மணி நேரம்தான்; இருபது வருடம் வர வேண்டும். நான்கு வருடத்தில் போகிறதென்றால் வேறு ஏதோ கொல்கிறது. உள்ளே ஒன்றும் வைக்காமல் ஓட்டியிருப்பார்கள். அல்லது அலமாரிக்குள் இண்டு இடுக்கில்லாமல் செருகி, மேலே பூவேலை செய்த துணி உறை போட்டு, அதன்மேல் முறுக்கு டப்பா அடுக்கியிருப்பார்கள். காற்று போக வழியில்லாத இடத்தில் புதிய பெட்டி வைத்தாலும் நான்கு வருடம்தான்.

எங்களுடையது 28 லிட்டர் கன்வெக்‌ஷன். கேக் சுடும் ஹீட்டரும் உள்ளது, 14,000 கொடுத்து வாங்கியது. அதை எப்படித் தூக்கிப் போடுவது?

கடைசியாக அதில் எப்போது கேக் செய்தீர்கள்?

கோபித்துக்கொள்ளாதீர்கள், இந்தக் கேள்விக்கு விற்பனைக் கடையில் கிடைத்த கேக் புத்தகம் இன்னும் பிளாஸ்டிக் உறையோடு இருக்கிறது என்று சிரித்தவர்கள்தான் அதிகம். வாங்கிய மூன்று மாதம் கேக், பன்னீர் டிக்கா. அப்புறம் வருடம் முழுக்கப் பாலும் நேற்றைய குழம்பும். அப்படியென்றால் போர்டு மாற்ற 4,500 கேட்கும் கன்வெக்‌ஷன் பெட்டியைவிட, 6,000க்குப் புதிய சாதாரணப் பெட்டி உங்களுக்குப் போதும். திருகும் குமிழ் வைத்த மாடலாகப் பாருங்கள். தொடுபலகையும் திரையும் இல்லாததால் கெட்டுப்போகவும் அவ்வளவு இல்லை. வாராவாரம் உண்மையிலேயே பேக்கிங் செய்கிறவர் என்றால் சரிசெய்யுங்கள். மைக்ரோவேவ் பகுதி போனாலும் ஹீட்டர் பகுதி தனியாக ஓடும் பெட்டிகள் அவை.

இன்வெர்ட்டர் மைக்ரோவேவ் என்றால்?

கனமான ட்ரான்ஸ்ஃபார்மருக்குப் பதிலாக ஒரு மின்னணுப் பலகை இருக்கும். சூட்டைச் சீராகக் கூட்டிக் குறைக்கும், சமைக்க நல்லது. பழுதானால் அந்தப் பலகையையே மாற்றுவதுதான் வழக்கம், விலையும் உறைக்கும். வாரண்டி முடிந்திருந்தால் முதலில் பலகையின் விலையைக் கேளுங்கள். கேட்டதும் பாதிப் பேர் புதிய பெட்டி வாங்கும் முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்.

யூடியூபில் பார்த்து நானே திறந்து பார்க்கலாமா?

கூடாது. மிக்ஸியைத் திறங்கள், மின்விசிறியைத் திறங்கள், நான் தடுக்க மாட்டேன். இதை மட்டும் வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டருக்குள் ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கலாம். அதை வடித்துவிட உள்ளே ஒரு ரெசிஸ்டர் இருக்கிறது. அது அறுந்துபோயிருந்தால் வெளியிலிருந்து தெரியாது. பழுதான பெட்டியில் எது அறுந்திருக்கும் என்று யாருக்குத் தெரியும்? நானே ஒவ்வொரு முறையும் அதை முறைப்படி வடித்த பிறகுதான் கை வைப்பேன். ஒரு கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு வேலை பார்க்கச் சொல்லிக்கொடுத்த என் குருநாதரின் அடி இன்னும் நினைவிருக்கிறது. ஓடும் பெட்டியைத் திறந்து வைத்து அளப்பது என் கடையிலும் கிடையாது.

பழைய பெட்டியின் ட்ரான்ஸ்ஃபார்மரைக் கல்லூரி ‘புராஜெக்ட்’டுக்கு என்று கேட்டு வரும் பிள்ளைகளுக்கும் கொடுப்பதில்லை. மேக்னட்ரானில் இருக்கும் பீங்கானையும் உடைக்கக் கூடாது. பழைய குழல்கள் சிலவற்றில் அது பெரிலியம் ஆக்சைடு, தூளானால் நுரையீரலுக்கு நஞ்சு.

வெளியிலிருந்து நீங்கள் செய்யக்கூடியவை: பிளக், பூட்டு, தட்டு, சக்கர வளையம், விளக்கு எரியாவிட்டாலும் பெட்டி ஓடுகிறதா என்று பார்ப்பது. மைக்கா தகடு பல மாடல்களில் உள்ளிருந்தே ஒரு திருகில் கழன்றுவரும்; பிளக்கைப் பிடுங்கிவிட்டு அதை மாற்றலாம்.

கம்பெனி சர்வீஸா, உள்ளூர் ஆளா?

வாரண்டி இருந்தால் கம்பெனிதான். சாதாரணமாக ஒரு வருடம் என்றாலும், மேக்னட்ரானுக்கு மட்டும் கூடுதல் ஆண்டுகள் கொடுக்கும் நிறுவனங்கள் உண்டு. பில்லையும் அட்டையையும் தேடி எடுத்து அந்த வரியைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். அதில் பாகம் மட்டும் இலவசம், வேலைக்கூலி தனி என்று பொடி எழுத்தில் இருக்கும்.

வாரண்டி முடிந்துவிட்டதா? என் தொழிலுக்காகச் சொல்வதாக நினைக்காதீர்கள்: கம்பெனி ஆள் பெரும்பாலும் பலகையை முழுதாக மாற்றுவார், உள்ளூர் ஆள் பலகையில் இருக்கும் எண்பது ரூபாய் ரிலேயை மாற்றுவார். நல்ல உள்ளூர் ஆள் என்பது முக்கியம். போன பாகத்தைக் கையில் திருப்பிக் கேளுங்கள். கொடுக்கத் தயங்குகிறவர் மாற்றவே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

பாகம் தர மறுத்து “புதிது வாங்குங்கள்” என்றே நிறுவனம் தள்ளினால், மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் தொடங்கிய ‘பழுதுநீக்கும் உரிமை’ இணையதளத்தில் நிறுவனங்களின் சேவை விவரங்களைப் பார்க்கலாம். புகாருக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

புதிய பெட்டி மின்சாரத்தை மிச்சப்படுத்துமா?

நாளுக்குக் கால் மணி நேரம் ஓட்டினால் மாதம் ஒன்பது, பத்து யூனிட். புதியது அதில் ஒன்றோ இரண்டோ குறைத்தால் பெரிது. இதைக் காரணமாகச் சொல்லி விற்கிறவரிடம் வாங்காதீர்கள்.

சரிசெய்து வந்த பெட்டியில் எதைச் சோதிக்க வேண்டும்?

மெக்கானிக் கிளம்புவதற்கு முன் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்து ஓடவிடுங்கள். ஓடும்போதே கதவைத் திறங்கள். அந்த நொடியே நிற்க வேண்டும். ஒரு கணம் இழுத்து நின்றாலும் தவறு. கதவு திறந்திருக்கும்போது ‘ஸ்டார்ட்’ அழுத்தினால் எதுவும் நடக்கக் கூடாது. கதவு சுவிட்சுகள் மூன்றும் காவலுக்கு வைத்தவை. அவற்றை நேராக இணைத்துவிட்டு “ஓடுகிறதே, அம்மா” என்று சொல்லும் ஆளிடம் பணம் கொடுக்காதீர்கள். மேலுறையின் திருகுகள் எல்லாம் திரும்பப் போட்டிருக்கின்றனவா என்றும் எண்ணிக்கொள்ளுங்கள். இரண்டு திருகு மிச்சம் என்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போவது எங்கள் ஆட்களின் பழைய வியாதி.

பழையதை என்ன செய்வது?

பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டால் ட்ரான்ஸ்ஃபார்மரில் செம்புச் சுற்று இருந்தால்தான் விலை. இப்போது வருவதில் பலவும் அலுமினியம். மின்கழிவு மேலாண்மை விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் மைக்ரோவேவையும் பட்டியலில் சேர்த்திருக்கின்றன. மறுசுழற்சிப் பொறுப்பு தயாரிப்பாளர்களுடையது. அதனால் உங்கள் கம்பெனியின் சேகரிப்பு மையத்தைக் கேளுங்கள், அல்லது புதியது வாங்கும் கடையில் பரிமாற்றத்துக்குக் கொடுங்கள். ஐந்நூறோ ஆயிரமோ குறைப்பார்கள். குறைக்காவிட்டாலும் வீட்டுக்கு வந்து தூக்கிப் போவார்களே, அதுவே லாபம்.

கொடுக்கும் முன் கண்ணாடித் தட்டையும் சக்கர வளையத்தையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தட்டு தனியாக வாங்கினால் அறுநூறு ரூபாய். புதிய பெட்டியின் தட்டு உடையும் நாளில் அளவு பொருந்தினால் அதிர்ஷ்டம். பொருந்தாவிட்டால் எங்கள் வீட்டில்போல வடகம் காயவைக்கலாம். மூன்று தட்டுகள் மொட்டைமாடியில் இருக்கின்றன.